மூன்று சந்தைக்கு ஒரு ஊசி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "செல்வி, ஹார்ட்ல ஓட்டையாமே?" ஓட்டையெல்லாம் இல்லை. இருக்க வேண்டிய வழி ஒன்று அடைத்துக்கொண்டது, அதுதான் வியாதி. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் என்னைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதப்போனால், எங்கள் ஊரில் இருந்து காணாமல் போன ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் எழுதாமல் முடியாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஊர் ஹெப்பகோடி, பெங்களூரின் ஓரத்தில் இருக்கிறது. அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, குமாரைக் கட்டிக்கொண்டது எல்லாம் இங்கேதான். குமார் கம்பெனி கேப் ஓட்டுகிறார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஒரு நாளில் நான் எத்தனை மாடி ஏறி இறங்குவேன் என்று கேட்டால் லிஃப்டுக்கே மயக்கம் வரும்.

போன வருஷக் கடைசியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. "உடம்பு போட்டுட்டே, வேறென்ன" என்றார் குமார். "நீங்க மட்டும் குச்சியாவா இருக்கீங்க?" என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது, மூச்சு வாங்குவது நிற்கவில்லை. ஒருநாள் என் டீம் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் குரல் போய்விட்டது. நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு உதறுகிற மாதிரி ஒரு படபடப்பு. கம்பெனி கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், உடனே இதய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். எக்கோ என்பது வலிக்காத பரிசோதனை. நெஞ்சில் ஜில்லென்று ஒரு ஜெல்லைத் தடவி, கைக்குள் அடங்கும் கருவி ஒன்றை வைத்து அழுத்தினால் இதயம் திரையில் தெரியும். நாற்பத்துநாலு வருஷமாக எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

டாக்டர் அனில் சின்ன வயசுக்காரர். கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசுவார். பேப்பரில் நாலு அறை வரைந்து விளக்கினார். இதயத்தின் இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. மைட்ரல் வால்வு என்று பெயர். அதற்கு இரண்டு இலைகள். எனக்கு அந்த இலைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வழி குறுகிவிட்டது. கீழே இறங்க முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் போய்த் தேங்குகிறது. அதனால்தான் மூச்சு முட்டுகிறது.

"சின்ன வயசுல தொண்டை வலி, ஜுரம், அப்புறம் மூட்டு வீக்கம், இப்படி ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு சார். அதுக்குத்தான் சந்தை ஊசி போட்டாங்களே."

பேனாவைக் கீழே வைத்தார். "என்ன ஊசி?"

இங்கேதான் நான் அந்தப் பழைய ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது ஹெப்பகோடியில் மூன்று ஆஸ்பத்திரிகள் இருந்தன. பெரிய ஃபேக்டரி ஒன்றின் வாசலை ஒட்டி ஒன்று. அங்கே ஒரு கம்பவுண்டர், ஒரு கட்டில், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் ஒரு மருந்து. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கியவர்கள் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அங்கே ஓடுவார்கள். இரண்டாவது, கன்னியாஸ்திரீகள் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரி. என் தம்பி அங்கேதான் பிறந்தான். மனைவிக்கு வலி எடுத்திருக்கும்போது வாசலில் பீடி பிடிக்கிற புருஷன்மார்களை சிஸ்டர்கள் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே ஊர்ப் பெண்களுக்கு அந்த ஆஸ்பத்திரி பிடிக்கும். மூன்றாவது, சந்தை மைதானத்துக்கு எதிரே ஓடு வேய்ந்த கட்டடத்தில் டாக்டரம்மா ஆஸ்பத்திரி. இப்போது முதலாவது கார் கழுவும் இடம். இரண்டாவது சூப்பர் மார்க்கெட். மூன்றாவதை இடித்துவிட்டு ஐந்து மாடி பி.ஜி. ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். பிறகு மணிக்கட்டு. வீக்கம் ஊர் சுற்றுகிறது, காற்று கருப்பாகத்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள். டாக்டரம்மா ஸ்டெத்தை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அம்மாவை உட்காரவைத்து, அவளுக்குத் தெரிந்த தமிழும் கன்னடமும் கலந்து சொன்னார். இந்த ஜுரம் மூட்டை நக்கிவிட்டுப் போய்விடும், ஆனால் இதயத்தைக் கடிக்கும். தொண்டை வலி வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்து கடிக்கும். வராமல் தடுக்க வேண்டுமானால் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. விடாமல். வருஷக்கணக்காக.

அம்மாவுக்குத் தேதி தெரியாது. அங்கே வந்த முக்கால்வாசி அம்மாக்களுக்குத் தெரியாது. காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தால் காலண்டரைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு மறந்துபோவார்கள். டாக்டரம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை சந்தை. சந்தையை யாரும் மறக்க மாட்டார்கள். ஆகவே, மூன்று சந்தைக்கு ஒரு ஊசி. "இந்தச் சந்தை ஊசி. அடுத்த சந்தை சும்மா. அதுக்கடுத்த சந்தையும் சும்மா. அதுக்கப்புறம் வரணும்." அம்மாக்கள் தக்காளி விலையை ஞாபகம் வைத்திருக்கிற மாதிரி இதையும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். காய்கறிக்காரர்கள் கூட, "ஏய் செல்வி, இன்னிக்கு உனக்கு ஊசிச் சந்தை இல்ல?" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். தப்பித்து ஓட ஊரில் இடமே கிடையாது.

அந்த ஊசியின் வலியை நான் அலங்காரமாகச் சொல்லப் போவதில்லை. மருந்து மோர் மாதிரி கெட்டி. இடுப்புக்குக் கீழே போட்டால் இரண்டு நாளைக்குக் கால் இழுக்கும். ஆனால் டாக்டரம்மா ஊசியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் முதலில் துளி மருந்தைக் கையில் போட்டுப் பார்ப்பார். போட்ட பிறகு எங்களை எல்லாம் எதிரே ஒரு பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, சந்தையிலிருந்து பொரி வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மற்ற நோயாளிகளைக் கவனிப்பார். அவர் மேஜைமேல் மாற்று மருந்து நிரப்பிய சிரிஞ்சு ஒன்று தயாராக இருக்கும். நாங்கள் பொரி தின்கிற வேகத்தை வைத்தே யாருக்கு என்ன என்று சொல்லிவிடுவார். "அளபேடா மகளே" என்பார். அழாதே என்று அர்த்தம். நாங்கள் பொரியை மென்றுகொண்டே அழுவோம்.

இதையெல்லாம் நான் டாக்டர் அனிலிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை வயசு வரைக்கும் போட்டீங்க?"

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அப்பா வெளியே காத்திருப்பு அறையில் இருந்தார். கூப்பிட்டோம். அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. பிரஸ் ஷாப்பில் இருந்து இருந்து காது மந்தம். தனக்குக் கேட்காதது உலகத்துக்கே கேட்காது என்ற நினைப்பில் சத்தம் போட்டுத்தான் பேசுவார்.

"பதினாறு வயசு வரைக்கும் சார்! ஒரு தடவ கூடத் தவறினதில்ல!" என்றார் பெருமையாக.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

"சந்தை நின்னுபோச்சே சார்."

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். அப்பா விளக்கினார். சந்தை மைதானத்தை விற்றுவிட்டார்கள். கட்டடம் எழும்பியது. அதே வருஷம் டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் தவறிப்போக, அவர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகளோடு போய்விட்டார். போவதற்கு முன்னால் வீட்டுக்கே வந்து, வேறு எங்கேயாவது ஊசியைத் தொடரச் சொன்னார். அப்பா ஒரு கிளினிக்குக்குப் போனார். பென்சிலினா, ரிஸ்க், நாங்கள் போடுவதில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நானும் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தேன். சந்தையும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. ஊசியும் அத்தோடு முடிந்தது என்று அப்பா எடுத்துக்கொண்டார். ஊரில் மற்றவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தையோடு கட்டி வைத்தது சந்தையோடு போய்விட்டது.

"நாற்பது வயசு வரைக்கும் போட்டிருக்கணும்" என்றார் டாக்டர் மெதுவாக.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. என்னிடம் திரும்பி, "இன்னா சொல்றார்?" என்றார். நான் "ஒண்ணுமில்லப்பா" என்றேன். ஆனால் காது மந்தமானவர்களுக்கு முகத்தைப் படிக்கத் தெரியும். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் அவர் சத்தமாகப் பேசவே இல்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். ஒரு நிமிஷம் வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல், கால் இழுக்கிற என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிவந்த மனுஷன் அவர். அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

இப்போது என் முன்னால் இருந்தது ஒரே கேள்வி. அந்த இலைகள் இன்னும் மெத்தென்று இருந்தால், தொடை மடிப்பில் ஒரு ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி, வால்வுக்குள் ஊதி, ஒட்டியதைப் பிரித்துவிடலாம். நெஞ்சைத் தொட வேண்டாம். சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகியிருந்தாலோ, உள்ளே ரத்தக்கட்டி இருந்தாலோ, பலூன் முடியாது. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து செயற்கை வால்வு வைக்க வேண்டும். அப்புறம் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை. காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால்கூடப் பயப்பட வேண்டும். எனக்கு நெஞ்சை அறுப்பது என்ற அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. பயந்தேன். ரொம்பப் பயந்தேன்.

எது என்று தெரிய இன்னொரு பரிசோதனை. இதுவும் எக்கோதான், ஆனால் கருவியைத் தொண்டை வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கி, இதயத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். அதற்காக என்னை வார்டில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டு. பக்கத்துக் கட்டில் அம்மாள் மூன்று மொழியில் குறட்டை விட்டார். தூக்கம் வராத ராத்திரிகளில் நான் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு, சாமி, பலூன், பலூன் என்று வேண்டிக்கொண்டேன். கடவுளிடம் யாராவது பலூன் கேட்டிருப்பார்களா என்று தோன்றிச் சிரிப்பும் வந்தது.

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த அன்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குமாரின் டிரிப்புகளை மற்ற டிரைவர்கள் பங்குபோட்டு ஓட்டினார்கள். பில்லைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே, "இன்ஷூரன்ஸ் பாத்துக்கும், நீ மூச்ச பாரு" என்று குமார் அடக்கிவிடுவார். மீதிக்கு அவர் என்ன செய்தார் என்பது அவர் விரலில் மோதிரம் இல்லாததைப் பார்த்தபோது தெரிந்தது. மகள் நிவேதா காலேஜுக்குப் போகும்முன் வந்து எனக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள். என் டீம் பெண்கள் ஆப்பிளோடு வந்தார்கள். வந்ததும் ஒருத்தி கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, "மாப் சரியா போடலக்கா இங்க" என்றாள். நர்ஸ் முறைத்தார். எனக்கு உடம்பு பாதி அங்கேயே தேறிவிட்டது.

பரிசோதனை நாளன்று தொண்டையில் மரத்துப்போகிற மருந்தைப் பீய்ச்சினார்கள். "முழுங்குங்க செல்வி, முழுங்குங்க, அவ்வளவுதான்" என்று நர்ஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டார். விரல் தடிமனுள்ள குழாய் உள்ளே இறங்கியது. குமட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டர் அனில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாயை எடுத்த பிறகு சொன்னார். "ரத்தக்கட்டி இல்ல. வால்வு குறுகியிருக்கு, ஆனா இலை நல்லா அசையுது. மெத்துன்னு இருக்கு. பலூன் பண்ணலாம்."

நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தொண்டை மரத்திருந்தது.

"இந்த ஜுரம் திரும்பத் திரும்ப வந்து வால்வைக் கெடுக்கறது பெரும்பாலும் சின்ன வயசுலதான். சரியா அந்த வருஷங்கள்ல உங்களுக்கு ஊசி போட்டிருக்காங்க. அது இல்லேன்னா இந்த வால்வு இருபது வயசுலயே கெட்டிருக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "மூணு சந்தைக்கு ஒண்ணு. எங்ககிட்ட ஊசி தேதிய ஞாபகப்படுத்தி மெசேஜ் அனுப்பற சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா பாதிப் பேர் வர்றதில்ல" என்றார்.

பலூன் சிகிச்சை நடக்கும்போது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். தொடையில் மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். பலூன் ஊதிய நொடியில் நெஞ்சுக்குள் எல்லாம் நின்றுபோன மாதிரி ஒரு வெறுமை. பிறகு யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி மூச்சு உள்ளே போனது. எத்தனையோ நாளாக நான் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேஜையில் படுத்துக்கொண்டே அழுதேன். டாக்டர் வலிக்கிறதா என்று பதறிப்போனார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, குமார் டாக்டரம்மாவின் இருப்பிடத்தை விசாரித்துக் கண்டுபிடித்தார். ஜீவனஹள்ளிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். நான், குமார், அப்பா மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா நாற்காலியில் சின்னதாக உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. "சந்தை ஊசி செல்வி" என்றதும் தெரிந்துவிட்டது. என் ரிப்போர்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "பலூன் ஆய்தா? ஒள்ளேயதாய்து. நல்லதாப் போச்சு" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

நான் தட்டில் பழம், புடவை எல்லாம் வைத்துக் காலில் விழுந்தேன். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைக் கீழே வைக்கவில்லை.

"மத்த பசங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பெஞ்சுல உன்கூட உட்காருமே. டெய்லர் பொண்ணு சாந்தி. பால்காரர் வீட்டு ரமேஷ். அந்தத் தெத்துப்பல்லு பொண்ணு, அவ பேரு... அவங்கள்லாம் ஊசி போட்டுக்கறாங்களா?"

நான் குமாரைப் பார்த்தேன். யாரைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்தக் காலத்தில் பெஞ்சில் எங்களைப் பார்த்த அதே பார்வை.

"எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டுத்தான் மூடினேன்" என்றார். "நான் சொன்னா செய்வாங்கன்னு நினைச்சேன்."

அவர் மகள் காபி கொண்டுவந்தார். டாக்டரம்மா குடிக்கவில்லை. இத்தனை பேர் உயிரை ஒரு சந்தையை வைத்துக் காப்பாற்றிய மனுஷி, அந்த ஊசியை வேறு எதிலும் கட்டிவைக்கவில்லையே என்று அன்று தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவ்வளவும் அப்பாவுக்குக் கேட்டிருக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து அப்பா வெளியே போக ஆரம்பித்தார். டீக்கடை, பழைய டெய்லர் தெரு, பால் டெப்போ, ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவர்கள் கூடுகிற கோயில் வாசல். போகிற இடமெல்லாம் அவர் குரல் முன்னால் போயிருக்கிறது: "சந்தை ஊசி போட்டவங்க யாராவது இருக்கீங்களா?" பாதிப் பேர் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். நிவேதா வெட்கப்பட்டாள். நான் தடுக்கவில்லை. ரமேஷ் ஹோசூரில் இருப்பதாகவும், போனில் பிடித்துவிட்டதாகவும் ஒருநாள் சொன்னார். அந்தத் தெத்துப்பல் பெண் முப்பது வயதிலேயே போய்விட்டாளாம். எதனால் என்று வீட்டாருக்கே தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டுக்கு வெளியே அவர் சத்தம் கேட்டது.

"செல்வி! ஒரு சேர் எடுத்துட்டு வா வெளிய!"

"உள்ளதான் வாங்களேன்பா."

"சேர் எடுத்துட்டு வாம்மா!"

எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவுக்குப் பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடு லேசாக நீலம். தோளை ஏற்றி இறக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சாந்தி. டெய்லர் பெண். தெரு முனையிலிருந்து எங்கள் வீடு பத்து வீடுதான்.

"ஒண்ணுமில்லக்கா," என்று சிரித்தாள். "வெயிலு."

அப்பா அவளைப் பிடித்துச் சேரில் உட்காரவைத்தார். என்னிடம் குனிந்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார்: "கேட்டுட்டேன். இவளும் சந்தையோட நிறுத்திட்டாளாம்."

"நாளைக்குத் திங்கக்கெழம, டாக்டர் இருப்பாருப்பா. காலையில கூட்டிட்டுப் போலாம்" என்றேன்.

"நாளைக்கா?" என்றார் அப்பா. உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த குமாரை எழுப்பி, வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தார்.